றொபின் வாங்கி வந்த மோடம்

மார்கழி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு பின்னேரம், றொபின் சாவகச்சேரியிலிருந்து ஒரு துவாய்ப் பொட்டலத்தை வயிற்றோடு அணைத்தபடி மோட்டார்சைக்கிளில் வந்து இறங்கினான். தலை நனைந்திருந்தது, சட்டை நனைந்திருந்தது, சப்பாத்துக்குள் தண்ணீர் சளசளத்தது. பொட்டலத்தில் மட்டும் ஒரு துளி ஈரமில்லை.

“ஆரின்ரையும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்திட்டியளோ?” என்று கேட்டாள் அவன் மனைவி நிமலினி.

“எங்கடை சொந்தப் பிள்ளைதான். இனி வாடகைப் பிள்ளை வேண்டாம்.”

துவாயை விரித்தான். உள்ளே கறுப்பு நிறத்தில் ஒரு கேபிள் மோடம் இருந்தது. உடுப்பிட்டியில் அவர்கள் இருந்த ஒடுங்கிய தெருவுக்கு, அந்த ஒழுங்கைக்கு, ரீவியும் இன்டர்நெற்றும் ஒரே கேபிள் வயரில்தான் வந்தன. வயரைக் கொண்டுவந்து தந்த கொம்பனியே மோடத்தையும் மாத வாடகைக்குத் தந்திருந்தது. அந்த வாடகைப் பெட்டி ஒரு சோம்பேறி. கொஞ்சம் சூடேறினால் கண்ணை மூடிவிடும். அதுவும் சனிக்கிழமைகளில், கனடாவில் விடிந்து இங்கே விளக்கேற்றும் நேரத்தில், நிமலினி அந்த நாட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறபோதுதான் அதற்கு நித்திரை வரும். வாய் திறந்தபடி உறைந்துபோன ரீச்சரைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

“முந்தினது சத்தமில்லாமல் செத்துப்போகும். உது என்ன செய்யும்?” என்று குசினிக்குள் இருந்து கேட்டாள் றொபினின் தாய் தேவமலர்.

“உது சாகாது அம்மா. கனடாச் சாமான். அங்கை இருந்து வந்த ஆக்கள் வித்துப்போட்டுப் போனது.”

பெட்டியோடு அதன் சாஜர் வரவில்லை. றொபின் வல்வெட்டித்துறையில் மீன்பிடிப் படகு எஞ்சின்கள் திருத்துகிறவன். இல்லாத பாகத்துக்கு இன்னொன்றைப் பொருத்தி ஓடவைப்பது அவனுக்குக் கைவந்த வேலை. பழைய எமேர்ஜன்சி லைற்றின் சாஜரைத் தேடி எடுத்துச் சொருகினான். சொந்த மோடம் பூட்டுவதென்றால் முதலில் அலுவலகத்துக்கு, அவர்களுடைய கந்தோருக்கு, கொண்டுவந்து சோதித்துக்கொண்டு போகவேண்டும் என்பது கொம்பனியின் சட்டம். றொபின் அங்கே வேலை செய்கிற ஒரு தெரிந்தவருக்குப் போன் எடுத்து, பெட்டியின் அடியிலிருந்த இலக்கத்தை வாசித்தான். சோதிக்கிற வேலையைப் பேந்து பார்க்கலாம் என்று விட்டுவிட்டான். வெளிச்சங்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாக வந்தன. நிமலினி அவனுடைய ஈரத் தலையைத் தன் சீலைத் தலைப்பால் துவட்டிவிட்டாள்.

அந்தச் சனிக்கிழமை வகுப்பு பளிங்குபோல் தெளிவாக நடந்தது. அதுதான் வினையாகப் போயிற்று.

பாடம் உறவுமுறைப் பெயர்கள். முன்பல் விழுந்த ஒரு சின்னவள், “ரீச்சர், உங்களுக்கு அண்ணா இருக்கிறாரா?” என்று கேட்டாள். வேறு நாளென்றால் படம் அந்த இடத்தில் உறைந்திருக்கும், கேள்வியும் போயிருக்கும். இன்று அந்தப் பிள்ளையின் கண்ணிமை கூடத் தெரிந்தது. நிமலினி பொய் சொல்லத் தெரியாதவள்.

“இருந்தவர். செல்வின் எண்டு பேர். ரெண்டு பேர் வந்து ஒரு சின்ன விசயம் கேக்கவேணும், நாளைக்கு வாங்கோ எண்டவை. சைக்கிளிலை போனவர். பிறகு வரேல்லை,” என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கனகாலம் மூடிவைத்த வாய் திறந்தால் அடங்குமா? எந்தச் சந்தி, எந்தக் காவலரண், எந்தக் கந்தோரில் அம்மா எத்தனை வருடம் போய் நின்றாள் என்றெல்லாம் சொல்லிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை, ஒரு பிள்ளையின் தாய் அந்தப் பேச்சை வெட்டி எடுத்து முகநூலில் போட்டிருப்பதைக் கண்டாள். தெரியாதவர்கள் எல்லாம் கீழே கண்ணீர் வடித்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவே முகப்படம் இல்லாத ஒருவர், ‘இந்த ரீச்சர் எந்த ஊர்?’ என்று கேட்டிருந்தார். அதற்கடியில் யாரோ நல்ல மனதோடு பதில் எழுதியிருந்தார்கள்: ‘உடுப்பிட்டி.’

அதற்குமேல் அவள் பார்க்கவில்லை. போனைக் கவிழ்த்து வைத்தாள். றொபினுக்குச் சொல்லவுமில்லை. அன்று இரவு ஜெபத்தில் மாமி எல்லோர் பெயரையும் சொல்லி முடித்த பிறகும் அவள் கண்ணைத் திறக்காமல் இருந்தாள்.

வியாழக்கிழமை காலை, றொபின் வேலைக்குப் போன பிறகு, பக்கத்து வீட்டுப் பிரதீபா மதிலுக்கு மேலால் தலையை நீட்டினாள். எப்போதும் மதில் அதிரக் கதைக்கிறவள், அன்று குசுகுசுத்தாள்.

“நிமலியக்கா, ரெண்டு பேர் வந்து நிக்கினம். றொபின் அண்ணையின்ரை வீடு எது எண்டு கேட்டவை.”

நிமலினி சுளகில் அரிசி புடைப்பதை நிறுத்தினாள். “ஆர் ஆக்கள்?”

“தெரியேல்லை. மோட்டார்சைக்கிளிலை வந்தவை. மழைக்கோட்டும் ஹெல்மெற்றும். ஒராள் கதைச்சது தமிழ், ஆனால் எங்கடை தமிழில்லை. கையிலை அன்ரனா வைச்ச ஒரு சாமான். ஒவ்வொரு படலையடியிலையும் நிண்டு, அதைப் பிடிச்சுப் பிடிச்சுப் பாக்கினம்.”

“என்னத்துக்காம்?”

“கேட்டனான். ஒரு சின்ன விசயம் எண்டினம். இன்டர்நெற் லைன் அவரின்ரை பேரிலையோ எண்டும் கேட்டவை. எனக்கு அப்பிடி ஒராளைத் தெரியாது எண்டு சொல்லிப்போட்டன். நீங்கள் உள்ளுக்குப் போங்கோ, அக்கா.”

ஒரு சின்ன விசயம். நிமலினி சுளகை அப்படியே வைத்துவிட்டு உள்ளே வந்து யன்னல் சீலையை விரலளவு விலக்கிப் பார்த்தாள். ஒழுங்கையின் வெள்ளத்துக்கு நடுவே இரண்டு மழைக்கோட்டுகள். ஒருவன் வயர்த் தூணை நிமிர்ந்து பார்த்தான். மற்றவன் கையிலிருந்த கருவியை ஒவ்வொரு வீட்டுப் பக்கமாகத் திருப்பினான். அது பூச்சி கத்துவதுபோல் விடாமல் கத்தியது. அவள் வீட்டுப் பக்கம் திரும்பியபோது கத்தல் கூடிற்றா, இல்லை அவளுடைய காதுக்குத்தான் அப்படிக் கேட்டதா?

அன்று செல்வின் அண்ணையைக் கேட்டு வந்தவர்களும் அதட்டவில்லை. அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தார்கள். குடித்துவிட்டுக் கிணற்றடியில் பேணியைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்கள். கழுவிக் கவிழ்த்த அந்தப் பேணிகளை நிமலினி இன்றைக்கும் மறக்கவில்லை. வந்தவர்கள் யார் என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

றொபினுக்குப் போன் எடுத்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. எஞ்சின் இரைகிற இடத்தில் அவனுக்கு எப்படிக் கேட்கும்? மறுபடியும் எடுத்தாள். ஒருவேளை கேட்காமல் இல்லை, எடுக்க முடியாமல் இருக்கிறானோ என்ற நினைப்பு வந்ததும் மூன்றாம் முறையும் எடுத்தாள்.

“என்ன பிள்ளை, முகம் பேய் அறைஞ்ச மாதிரிக் கிடக்கு?” தேவமலர் குசினி வாசலில் நின்றாள்.

நிமலினி சொன்னாள். வகுப்பு, அந்தக் கேள்வி, முகநூல், முகமில்லாத ஆள், வெளியே நிற்கிற இரண்டு பேர், எல்லாம். ஏசுவாள் என்று எதிர்பார்த்தாள். மாமி ஏசவில்லை. கையைச் சீலையில் மெல்லத் துடைத்துக்கொண்டு ஒன்றுதான் சொன்னாள்.

“கதைச்சது நீ. லைன் அவன்ரை பேரிலை.”

நிமலினி செவ்வாய்க்கிழமையிலிருந்து நெஞ்சுக்குள் வைத்திருந்த பயம் அதுதான். இன்னொருவர் வாயால் கேட்டபோது அது இரண்டு மடங்காகிப் போனது.

“கழட்டு உந்தப் பெட்டியை,” என்றாள் தேவமலர்.

“கழட்டி என்ன செய்ய மாமி?”

“மண்ணுக்குள்ளை தாட்டு விடுவம். சாமான் இல்லையெண்டால் கதையுமில்லை. இடம்பெயரேக்கை நான் தையல் மெசினைத் தாட்டனான், றேடியோவைத் தாட்டனான். திரும்பி வந்து எடுக்கேக்கை மெசின் ஓடினது.”

“றேடியோ?”

“றேடியோவுக்குள்ளை எறும்பு. அதை இப்ப ஏன் கேக்கிறாய்? கெதியா வா.”

படித்த பெண் நிமலினி. பேசிய பேச்சு பெட்டிக்குள் தங்கியிராது என்று மற்ற நாளில் அவளுக்குத் தெரியும். ஆனால் பயம் வந்தால் படிப்பு முன்வாசலால் போய்விடும். கை பழைய வேலையைத்தான் செய்யும். அவள் சாஜரைப் பிடுங்கினாள், வயரைத் திருகிக் கழற்றினாள். வெளிச்சங்கள் அணைந்தன. பெட்டி இன்னும் சூடாக இருந்தது. மாமி ஒரு பால்மா ரின்னைக் கொண்டுவந்தாள். பெட்டி அதற்குள் போகவில்லை. பொலித்தீன் பைகளில் சுற்றி, சாஜரையும் சேர்த்துக் கட்டி, இருவரும் பின்வளவுக்கு ஓடினார்கள்.

வாழைப்பாத்தி மழையில் களியாகக் கிடந்தது. மாமி மண்வெட்டியை ஓங்கிப் போடுகிறாள். நிமலினி கையால் சேற்றை அள்ளுகிறாள். தோண்டிய கிடங்குக்குள் தண்ணீர் ஊறி வருகிறது. சரக் சரக்கென்ற மண்வெட்டிச் சத்தம் ஊருக்கே கேட்பதுபோல் இருந்தது. பொட்டலத்தை அமத்தி, மண்ணை மூடி, மேலே காய்ந்த வாழைச்சருகை இழுத்துப் போட்டார்கள்.

அப்போதுதான் நிமலினி ஒன்றைக் கவனித்தாள். ஒழுங்கையில் கத்திக்கொண்டிருந்த கருவியின் சத்தம் நின்றுவிட்டது.

போய்விட்டார்களா? மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். மழை, தவளை, பிறகு சப்பாத்துக்கால்கள் வெள்ளத்தில் நடக்கும் சத்தம். அது நேரே வந்தது. வேறெந்த வீட்டிலும் தயங்கவில்லை. அவர்களுடைய வாசல் படலை தட்டப்பட்டது.

எப்படித் தெரிந்தது? புதைத்து மண் கூடக் கையில் காயவில்லை, எப்படித் தெரிந்தது? அவளுக்கு அழுகை வரவில்லை. மாமி அவள் கையைப் பிடித்துக் கிணற்று வாளிக்குள் அமத்திக் கழுவினாள். “ஒண்டும் தெரியாது எண்டு சொல். நான் பக்கத்திலை நிக்கிறன்.”

நிமலினி படலையைத் திறக்காமல் மேலால் பார்த்தாள். ஹெல்மெற் கண்ணாடிகளில் மழைநீர் ஓடியது, முகங்கள் தெரியவில்லை.

“றொபின் இருக்கிறாரோ?” என்று ஒருவன் கேட்டான்.

“இல்லை.”

“வேலைக்குப் போட்டாரோ? எங்கை வேலை?”

“தெரியாது.”

தன் மனுசன் எங்கே வேலை செய்கிறான் என்று தெரியாதென்கிற பெண்ணை அவன் கொஞ்ச நேரம் பார்த்தான். “அக்கா, இந்த வீட்டிலை புதுசா ஒரு மோடம் பூட்டினவை எல்லோ?”

“எங்களிட்டை அப்பிடி ஒண்டும் இல்லை.”

“இவ்வளவு நேரமும் இருந்தது. இப்பதான் ஆரோ கழட்டினவை,” என்றான் அவன். மற்றவன் கருவியை உயர்த்திக் காட்டித் தலையசைத்தான். “இஞ்சை… இப்ப… நின்றுது,” என்றான் அந்த வேற்றுத் தமிழில்.

“எங்களுக்கு ஒண்டும் தெரியாது தம்பி,” என்றாள் தேவமலர். ஆயுளில் ஒரு ஞாயிறும் கோயிலைத் தவறவிடாத அவள் வாயில் அந்தப் பொய் கல்லுப்போல் உருண்டு விழுந்தது. அவளுடைய முழங்கை வரைக்கும் சேறு.

முதலாமவன் அந்தச் சேற்றைப் பார்த்தான். பெருமூச்சு விட்டான். “சரி அக்கா. றொபின் அண்ணையை நாளைக்கு ஒருக்கா கந்தோருக்கு வரச் சொல்லுங்கோ. பெரிசா ஒண்டுமில்லை, ஒரு சின்ன விசயம்.”

அந்த வார்த்தைகளோடு நிமலினிக்குள் ஏதோ அறுந்தது. படலையின் கொளுக்கியை அவளே தட்டிவிட்டு வெளியே வந்து வெள்ளத்தில் நின்றாள்.

“அவர் வரமாட்டார். நான்தான் கதைச்சனான்,” என்றாள். குரல் அவளுடையதுபோல் இல்லை. “என்ரை அண்ணையைப் பற்றி நான்தான் பிள்ளையளுக்குச் சொன்னனான். அவர் அந்த நேரம் வீட்டிலையும் இல்லை. லைன் மட்டும்தான் அவரின்ரை பேர். எங்கை கூப்பிட்டாலும் நான் வாறன். இப்பவே வாறன். அவரைக் கூப்பிடாதேங்கோ. ஒரு அண்ணையை அனுப்பினது போதும்.”

பிரதீபாவின் தலை மதிலுக்கு மேல் எழும்பி அப்படியே நின்றது. எதிர்வீட்டுக் கதவும் திறந்தது.

முதலாமவன் தடுமாறிப்போய் ஹெல்மெற்றைக் கழற்றினான். இருபத்தைந்து வயதுகூட இருக்காத ஒரு முகம், பயந்துபோன முகம். மழைக்கோட்டின் பொத்தானை இழுத்துத் திறந்து உள்ளே போட்டிருந்த மஞ்சள் சட்டையைக் காட்டினான். நெஞ்சில் கேபிள் கொம்பனியின் பெயர் இருந்தது.

“அக்கா, நான் கிருஷாந். கேபிள் வேலை பாக்கிறனான். உங்கடை பெட்டியிலை இருந்து லைனுக்குள்ளை இரைச்சல் கொட்டுது. ரெண்டு நாளா ஒழுங்கை முழுக்க ரீவியும் இல்லை, இன்டர்நெற்றும் இல்லை. சோதிக்காமல் பூட்டினது றொபின் அண்ணையின்ரை பெட்டி மட்டும்தான், அதைத்தான் தேடிக்கொண்டு வந்தனாங்கள். உங்கடை வீட்டுக்கு நேரை பிடிச்சுக்கொண்டிருக்கேக்கை பெட்டியைக் கழட்டினியள், உடனை மீற்றர் நிண்டுது. அதாலைதான் வீட்டைப் பிடிச்சம்.”

மற்றவனும் ஹெல்மெற்றைக் கழற்றினான். அவன் நுவன், கண்டியிலிருந்து மீற்றரோடு வந்தவன். அவன் சிங்களத்தில் என்னவென்று கேட்டான். கிருஷாந் மெதுவாக இரண்டு மூன்று சொற்கள் சொன்னான். நுவன் நிமலினியைப் பார்த்தான், கையிலிருந்த கருவியைப் பார்த்தான். அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

“அப்ப ஏன் ஹெல்மெற்றோடை நிண்டு கேள்வி கேட்டனியள்?” தேவமலருக்குப் பயம் போன வேகத்தில் கோபம் வந்தது.

“மழை, அம்மா.”

“மழையெண்டால் முகத்தைக் காட்டக்கூடாதோ? தாய் தகப்பன் தந்த முகம்தானே?”

“பிழைதான் அம்மா. ஆனால் இந்த ஒழுங்கையிலை ஒருத்தரும் எங்களுக்கு வீட்டைக் காட்டேல்லை. கேட்ட வீடெல்லாம், றொபின் எண்டு ஒராள் இஞ்சை இல்லவே இல்லையாம். எதிர்வீட்டு ஐயா, அப்பிடி ஒராள் இருந்தவர், லண்டனுக்குப் போட்டார் எண்டவர்.”

நிமலினி அப்போதுதான் அழுதாள். வெள்ளத்துக்குள்ளேயே குந்தியிருந்து அழுதாள். பிரதீபா மதிலைச் சுற்றி ஓடிவந்து அவளைத் தூக்கினாள்.

பெட்டியைத் தோண்டி எடுப்பதும் இலேசாக இருக்கவில்லை. எந்த வாழை என்பதில் மாமிக்கும் மருமகளுக்கும் கருத்து ஒத்துவரவில்லை. கடைசியில் கிருஷாந்தான் மண்வெட்டியை வாங்கிக்கொண்டான். பொலித்தீனைப் பிரித்து, பெட்டியைத் துடைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்த நுவன், “பெட்டி நல்லம்,” என்றான். சாஜரைத் தூக்கிக் காட்டினான். “இது கூடாது.”

“இது எமேர்ஜன்சி லைற்றின்ரை எல்லோ. இதாலைதான் இரைச்சல்,” என்று சிரித்தான் கிருஷாந். “நாளைக்கு அண்ணையைப் பெட்டியோடை கந்தோருக்கு வரச் சொல்லுங்கோ. சரியான சாஜர் போட்டு, சோதிச்சு விடுவம்.”

எல்லாம் தெரிந்த பிறகும், ‘நாளைக்குக் கந்தோருக்கு’ என்றபோது நிமலினி எட்டி மாமியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

றொபின் வந்தபோது அவன் கையில் எஞ்சின் எண்ணெய் அப்படியே இருந்தது. எடுக்காத அழைப்புகளைக் கண்டுவிட்டுப் பாதி வேலையில் புறப்பட்டு வந்திருந்தான். மீதியை ஒழுங்கை முகப்பிலேயே பிரதீபா சொல்லிவிட்டாள். அவன் குசினிப் படியில் நிமலினிக்குப் பக்கத்தில் இருந்தான். எண்ணெய்க் கையால் தொடாமல், தோளால் அவள் தோளை முட்டினான்.

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“சொன்னால் உங்களுக்கும் பயம் வந்திடும். வீட்டிலை ஒராள் பயப்பிட்டால் காணும் எண்டு நினைச்சன்.”

“நல்ல கணக்கு,” என்றான். “நான் செவ்வாய்க்கிழமையே பாத்தனான். வேலையிடத்திலை காட்டினவங்கள்.”

அவள் திரும்பிப் பார்த்தாள். “பாத்துப்போட்டு?”

“எந்த ஊர் எண்டு ஒருத்தன் கேட்டிருந்தான் எல்லோ. கீழை ஒருத்தர் உடுப்பிட்டி எண்டு போட்டிருந்தார். நான் இன்னொரு பேரிலை போய், இல்லையில்லை, ரீச்சர் மட்டக்களப்பு எண்டு எழுதினன். பேந்து வேறை பேரிலை வந்து, ஆர் சொன்னது, மன்னார் எண்டு என்னோடை நானே சண்டை பிடிச்சன். இப்ப அங்கை பெரிய அடிபாடு நடக்குது. ஒருத்தருக்கும் நீ எந்த ஊர் எண்டு தெரியாது.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது; பாதியில் நின்றுவிட்டது. “உங்களுக்குப் பயமா இருந்ததோ?”

“நித்திரை கொள்ளேல்லை. நீ நித்திரை எண்டு நினைச்சுச் சத்தம் போடாமல் கிடந்தனான்.”

“நானும்தான்.”

அடுத்தநாள் காலை அவன் பெட்டியைத் துவாயில் சுற்றி எடுத்தபோது, நிமலினி வெளிக்கிட்டு வாசலில் நின்றாள்.

“ஒரு பெட்டியைச் சோதிக்க ரெண்டு பேர் வேணுமோ?”

“வேணும்,” என்றாள்.

கேபிள் கந்தோர் ஒரு பேக்கரிக்கு மேலே, சின்ன மாடியில் இருந்தது. பாண் வாசம் ஏறிவந்தது. மேசையில் இருந்த பெண்பிள்ளை, உள் கதவைக் காட்டி, “அண்ணை மட்டும் உள்ளுக்குப் போனால் காணும். அக்கா, நீங்கள் கதிரையிலை இருங்கோ,” என்றாள்.

அது ஒரு சாதாரணக் கதவு. பச்சைப் பெயின்ற் பூசிய பலகைக் கதவு. அதற்கப்பால் கிருஷாந்தின் சிரிப்புக் கூடக் கேட்டது. ஆனாலும் நிமலினியின் கால்கள் கதிரைப் பக்கம் போகவில்லை. அவள் றொபினின் சட்டையைப் பின்னால் பிடித்துக்கொண்டாள்.

“நானும் போறன்.”

“உள்ளை இடமில்லை அக்கா.”

“பரவாயில்லை, தங்கச்சி,” என்றான் றொபின், திரும்பிப் பார்க்காமலே. “அவவும் வருவா. இடம் இல்லையெண்டால் நான் ஒதுங்கி நிக்கிறன்.”

இருவருமாகத்தான் போனார்கள். வயர்ச் சுருள்களுக்கு நடுவே அவள் அவன் முதுகோடு ஒட்டி நின்றாள். கிருஷாந் அவளைக் கண்டான். எழும்பிப் போய் அந்தப் பச்சைக் கதவை அகலத் திறந்து, ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு வந்தான். நுவன் புதுச் சாஜரைச் சொருகினான். பெட்டி சொந்தப் பெட்டியாகப் பதியப்பட்டது. மாடிப்படியால் இறங்கித் தெருவுக்கு வந்தபோது வெய்யில் எறித்தது.

“இனி சட்டையை விடு நிமலி. மோட்டார்சைக்கிள் எடுக்கவேணும்.”

“எடுங்கோ,” என்றாள். ஆனால் விடவில்லை.